மெத்ர் மகாத்மியம்

பொன்சாந்து தோட்டம்,
தெப்ராவ், ஜொகூர்.
பிரஜோற்பத்தி வருஷம், கார்த்திகை 12.

சிங்கப்பூரில் சகல சௌபாக்கியங்களோடும் ஓட்டு வீட்டோடும் வாழ்கிற மருமகள் சிரஞ்சீவி சந்திரமதிக்கு, ஜொகூர் ராஜ்யத்தைப் பாதியும் பிரெஞ்சு பாஷையை முழுவதும் அறிந்த உன் தாய்மாமன் காளியப்பன், வலது கையால் ஆசீர்வதித்து, இடது கையால் கொசு அடித்து, மிச்சமிருக்கும் கையால் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், என் மூட்டுவலி, விடாத மழை ஆகிய மூவரும் சுகம். அவ்விடத்தில் நீ, மாப்பிள்ளை அர்ச்சுனன், மாப்பிள்ளையின் சந்தேகம் ஆகிய மூவரின் சுகத்தையும் அறிய ஆவல்.

உன் கடிதம் வந்தது. நான் இந்தத் தோட்டத்தில் துபாஷி ஆகிவிட்டேன் என்றும், பிரெஞ்சுத் துரை சொல்வதை ஆட்களுக்கும் ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் மாற்றிச் சொல்கிறேன் என்றும் நீ மாப்பிள்ளையிடம் சொன்னாயாம். அவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்ததாம். "உங்க மாமாவுக்குத் தமிழே தகராறு, பிரெஞ்சா?" என்றாராம். அந்த பாஷையில் நாலாயிரம் வினைச்சொல் உண்டு என்று ஏதோ புத்தகத்தில் பார்த்தாராம். மருமகளே, மாப்பிள்ளை என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலாயிரம் எதற்கு? ஒன்று போதும். அந்த ஒன்று என்ன, அதை வைத்து நான் எப்படி ஒரு குடும்பத்தைக் கப்பலேறாமல் நிறுத்தினேன் என்பதையெல்லாம் இப்போது சொல்லப் போகிறேன். யாருமே நம்ப முடியாத கதை இது. தெப்ராவ் ஆற்றின் மேல் சத்தியமாக, எழுதுகிற எனக்கே பாதிக்கு மேல் நம்பிக்கை வரவில்லை. மாப்பிள்ளையைக் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கச் சொல்.

இந்தத் தோட்டத்துக்கு பிரெஞ்சுக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் 'பொன் ஷான்ஸ்'. நல்ல அதிர்ஷ்டம் என்று அர்த்தம். நம் ஆட்களின் வாயில் அது பொன்சாந்து ஆகிவிட்டது. பெயரில் இருக்கிற பொன்னும் அதிர்ஷ்டமும் இந்த வருஷம் பெயரோடு நின்றுவிட்டன. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து மாதா மாதம் ஒரு பட்டியல் வருகிறது. பட்டியலில் பேர் இருக்கிறவன் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய், நாகப்பட்டணத்துக் கப்பல் ஏற வேண்டியதுதான். போன மாதம் மட்டும் பதினேழு குடும்பம். பட்டியலில் இல்லாதவன் வாயைப் பொத்திக்கொண்டு, காலை ஓசைப்படாமல் வைத்து நடக்கிறான். இப்படிப்பட்ட காலத்தில்தான் எங்கள் பழைய துபாஷி, காரைக்கால் கிபாயத்துல்லா மரைக்காயர், ஜொகூர் பாருவில் ஜவுளிக்கடை போடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் ஆபீசில் கிராணி. பேர் எழுதுவது, கடுதாசி எழுதுவது, துரைக்கு முன்னால் தலையாட்டுவது இவ்வளவுதான் என் வித்தை. போகிற அன்று மரைக்காயர் என் மேசைக்கு வந்தார்.

"காளியப்பண்ணே, இனிமே முசேவுக்கு நீங்கதான் வாய்."

முசே என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. எங்கள் துரை லெமேர்ல் முசே.

"நானா? பிரெஞ்சுல எனக்குத் தும்மக்கூடத் தெரியாதே, மரைக்காயரே!"

"தெரிய வேணாம். ஒரே ஒரு சொல்லக் குடுத்துட்டுப் போறேன், வாங்கிக்குங்க. மெத்ர். எங்க, சொல்லுங்க."

"மெத்ரு."

"கடைசியில உகரம் போடாதீங்க, கேட்டா முசே அழுவாரு. மெத்ர். நம்ம 'போடு' இருக்குல்ல, 'வை' இருக்குல்ல, ரெண்டையும் ஒண்ணாப் பிசைஞ்சா மெத்ர். எங்க வாப்பா காரைக்கால்ல இதை வச்சே இருபது வருஷம் ஓட்டினாங்க."

"ஒரு பாஷைக்கு ஒரு சொல்லு எப்படி ஓய் போதும்?"

"தமிழ்ல 'போடு'வப் புடுங்கிட்டா ஒரு நாளு பொழப்ப ஓட்டுவீங்களா? ஓட்டிக் காட்டுங்க பாப்போம்!"

அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்து யோசித்தேன். மருமகளே, எனக்கு உடம்பு புல்லரித்தது. காலையில் எழுந்து பாயைச் சுருட்டிப் போட்டு, சட்டை போட்டு, வெற்றிலை போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆட்களைச் சத்தம் போட்டு, அவர்கள் திருப்பிச் சண்டை போட்டு, மத்தியானம் வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டு, தாழ்ப்பாள் போட்டு, ஒரு தூக்கம் போட்டு, எழுந்து உனக்குக் கடுதாசி போட்டு என்று என் ஆயுளில் முக்கால்வாசியைப் போட்டே கழித்திருக்கிறேன், அந்தச் சொல்லுக்கு ஒரு நாள்கூட நன்றி சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரனும் அப்படியே என்று நினைத்துப் பார். தொப்பி போட மெத்ர். கடுதாசியைத் தபாலில் போட மெத்ர். தீ வைக்க மெத்ர். சாப்பாட்டு மேசையைச் சரிசெய்ய மெத்ர். தெப்ராவ் போய்வர இரண்டு மணி நேரம் ஆயிற்று என்பதை, இரண்டு மணி நேரத்தைப் போட்டேன் என்கிறான், என்ன அழகு பார், காலத்தையே ஏதோ சில்லறைச் சாமான் மாதிரி எடுத்துப் போடுகிறான்! கோபம் வந்தால், வந்தது என்று சொல்வதில்லை. என்னை நானே கோபத்தில் போட்டுக்கொண்டேன் என்கிறான், தொட்டியில் தண்ணீர் நிரப்பி இறங்குவது போல. ஆடு குட்டி போட்டால் அதற்கும் மெத்ர்தான், 'கீழே போட்டது' என்பான். நாமும் 'போட்டது' என்றுதான் சொல்கிறோம்! எங்கேயோ கடலுக்கு அப்பால் பனியில் உட்கார்ந்திருந்த ஒருத்தனும் நம் பாட்டனாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே ஆட்டைப் பார்த்து ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்களே, அந்த ஆட்டுக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று. இந்தச் சொல் ஒரு உருவத்தில் நிற்காது. ஆளுக்கும் வேளைக்கும் தகுந்தபடி வேஷம் மாற்றும். 'நான் போடுகிறேன்' என்னும்போது 'மே' என்று ஆடு மாதிரி கத்தும். 'போடுங்கள்' என்னும்போது 'மெத்தே' என்று மெத்தை மாதிரி விரியும். 'போட்டாயிற்று' என்னும்போது 'மீ' என்று சீனன் கடையில் சேமியா மாதிரி விற்கிற மீயைப் போல நெளியும். இதற்கு நடுவில் அவர்கள் எதற்கெடுத்தாலும் ஒரு 'லா' வேறு போடுகிறார்கள். நாமும் இங்கே மலாய்க்காரரோடு பழகிப் பழகி 'வா லா, போ லா' என்கிறோம் அல்லவா, நாம் லாவைப் பேச்சுக்கு வாலில் கட்டுகிறோம், அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். மற்றபடி பிரெஞ்சுக்காரனும் ஜொகூர்க்காரன்தான்.

இந்தச் சொல்லின் வலிமையை முதலில் ஒரு புலியிடம் பரீட்சை பார்த்தேன். ஏழாம் நம்பர் மலைச்சரிவில் ஒரு மாலை, எருமை அளவு புலி, மீசை ஒவ்வொன்றும் பிரம்பு, என் முன்னால் வந்து நின்றது. நான் குடையை மடக்கினேன். "மெத்தே வூ லா!" என்றேன். அங்கே உட்காருங்கள் என்று மரியாதையோடு அர்த்தம். உட்கார்ந்துவிட்டது! ஜொகூர்ப் புலிக்கு எப்படி பிரெஞ்சு தெரியும் என்று மாப்பிள்ளை கேட்பார். துரையின் மனைவி மதாமின் வாத்துகளை இரண்டு வருஷமாகத் தின்று வளர்ந்த புலி ஐயா அது, இரத்தத்தில் ஊறியிருக்காதா? நான் பங்களா போய்ச் சேரும்வரை உட்கார்ந்தே இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. எழுந்திரு என்பதற்கு எனக்குச் சொல் தெரியாததால் வனத்துறையிலிருந்து ஆள் வந்து தூக்கிப் போனார்கள்.

சரி, புலி போகட்டும். கதை வீரமுத்துவுடையது. வீரமுத்து பங்களாவில் சாப்பாடு பரிமாறுகிறவன். ஐந்து வயதில் கப்பலில் வந்தவன், அப்பன் ஆத்தாள் இரண்டு பேரையும் இந்த மண்ணிலேயே புதைத்தவன். மனைவி பேச்சியம்மாள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள், அப்போது நிறைமாதம். வீரமுத்து சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்யமாட்டான். சொன்னது என்ன என்பதில்தான் கொஞ்சம் குழப்பம் வரும். ஒரு நாள் மதாமின் வெள்ளாடு குட்டி போட்டது. மதாம் சந்தோஷம் தாங்காமல் சமையலறைக்கு ஓடிவந்து, "ஆ மீ பா! ஆ மீ பா!" என்று கைகொட்டினாள். ஆடு கீழே போட்டுவிட்டது என்று அர்த்தம். வீரமுத்துவின் காதில் விழுந்தது, "ஆ! மீ, பா!" அதாவது மீ வேண்டுமாம்ப்பா. அவன் குடையை எடுத்துக்கொண்டு தெப்ராவ் வரை நடந்து, ஆறு பேருக்கு மீ வாங்கிக்கொண்டு, மழையில் நனையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்து மதாமின் முன்னால் விரித்தான். மதாம் மீயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த மதாம் நல்லவள், மருமகளே. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. சைகோனிலிருந்து கம்பெனியின் பெரிய முசே மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். வழக்கமாக மேசையை மதாமே தன் கையால் சரிசெய்வாள். அன்று பட்டு உடுத்த உள்ளே போகிற அவசரத்தில், "மெத்தே லா தாப்ள், வீரமூத்தூ!" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேசையைச் சரிசெய் என்பதுதான். ஆனால் ஜொகூரில் வளர்ந்த காதில் அது எப்படி விழும்? "மெத்தை லா! தாப்ள்!" மெத்தையை எடுத்துவா லா, இதுகூடத் தெரியாதா லா என்று நம் ஆள் ஒருத்தன் அலுத்துக்கொள்வது மாதிரியே இல்லையா? தாப்ள் என்றால் மேசை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். வீரமுத்து தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, மெத்தைய மேசை மேல போடச் சொல்றாங்க. சரியா இருக்குமா?"

"ஏண்டா இருக்காது? நமக்கு வாழை இலை, அவங்களுக்கு மெத்தை. பெரிய எடத்துச் சாப்பாடு."

போட்டுவிட்டான். நாலு விரற்கடை இலவம்பஞ்சு மெத்தை, மேலே வெள்ளைத் துப்பட்டி, அதன்மேல் பீங்கான், கண்ணாடி, சூப்பு, நடுவில் பொரித்த வாத்து. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பெரிய முசே உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, கையை மேசையில் ஊன்றினார். கை முழங்கை வரை இறங்கியது. அந்தப் பள்ளத்துக்கு மேசையிலிருந்த சூப்பு எல்லாம் அருவியாய்ப் பாய்ந்து அவர் மடியில் விழுந்தது. அவர் அலறிக் கையை எடுக்க, மெத்தை எழும்ப, வாத்து துள்ளி ஜன்னல் வழியாகப் பறந்தது. பொரித்த வாத்து பறந்ததை ஜொகூரில் முதன்முதலாகக் கண்ணால் கண்டவன் நானே. மிஞ்சிய சூப்பு படியிறங்கி ஆற்றில் கலந்து, மூன்று நாள் தெப்ராவ் ஜனங்கள் ஆற்றுத் தண்ணீருக்கு உப்பு மட்டும் சேர்த்துக் குடித்தார்கள்.

லெமேர்ல் முசே தன்னைக் கோபத்தில் போட்டுக்கொண்டார், கழுத்துவரை. வீரமுத்துவை நோக்கி ஒரு விரல், கதவை நோக்கி ஒரு விரல். "மெத்தே லெ ஆ லா போர்த்!" போர்த் என்றால் கதவு. அது மரைக்காயர் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது. மெத்தேவை நான் அறிவேன். ஆகவே இவனைக் கதவில் போடு, வாசலில் வை. தெளிவான கட்டளை. இலக்கணத்தில் ஒரு பிசகும் இல்லை.

வீரமுத்து என் பக்கம் திரும்பினான். "அண்ணே, என்னண்ணே சொல்றாரு? பட்டியலா?"

"உன்னை வாசல்ல போடச் சொல்றார்டா."

"வாசல்லன்னா?"

"வாசல்லன்னா வாசல்லதான். கதவுப் பக்கத்துல. இன்னையிலேருந்து நீ ஜாகா. வர்றவங்களுக்குக் கதவு திறக்கணும், போறவங்களுக்கு மூடணும்."

"அலமாக்! இதுக்கா இவ்வளவு சத்தம் போட்டாரு?"

"பதவி குடுக்கறப்ப வெள்ளைக்காரன் அப்படித்தான்டா சத்தம் போடுவான்."

ஜாகா என்றால் சும்மா நிற்க முடியுமா? காவற்காரனுக்கு ஒரு களை வேண்டும். என் கல்யாணத் தலைப்பாகையை எடுத்துச் சுற்றிவிட்டேன். அவனுக்கு இயற்கையில் இருந்த மீசையை எறும்பு பார்த்தால்கூட வணங்காது. அதனால் விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் காதுவரை ஏற்றிவிட்டேன். எல்லாம் உத்தியோகத்தின் கௌரவத்துக்காகத்தான், வேறு எண்ணம் எதுவும் கிடையாது என்று சொல்லிக்கொள்கிறேன். பெரிய முசே வேஷ்டி ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, வீரமுத்து கதவைத் திறந்து, இடி மாதிரி ஒரு சலாம் வைத்தான். பெரிய முசே நின்றுவிட்டார். சைகோனில் தலைமை ஆபீசிலேயே இப்படி ஒரு வாசல் கிடையாது என்று லெமேர்ல் முசேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முசே தலைப்பாகையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. புது ஆள் என்று நினைத்துக்கொண்டு மகிழ்ந்தார். இப்படிப் பன்னிரண்டு நாள். துரத்திய ஆளே தினம் நான்கு தடவை கதவு திறக்க, துரத்தியவர் தினம் நான்கு தடவை 'மெர்சி' என்று நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போய்வந்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் வரிசையாய் நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு முசே குடையோடு வந்தார். வீரமுத்து பங்களா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சாரலில் மீசை வலது பக்கம் முதலில் இறங்கியது, பிறகு இடது பக்கம், பிறகு இரண்டும் சேர்ந்து மோவாயில் சொட்டின. முசே நின்றார். குடையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். சூப்பு நினைவு வந்துவிட்டது.

"காலியாப்பா!" என்றார். என் பெயரை அவர் சொல்லும்போதே ஏதோ தீர்ந்துபோன மாதிரி இருக்கும். இருநூறு பேர் பார்க்க என்னை முன்னால் கூப்பிட்டு, கையை ஆட்டி, ஆ லா போர்த், ஆ லா போர்த் என்று நான்கு தடவை கத்தினார். நான் பணிவாக வாசலைக் காட்டி, "வுய் முசே. போர்த். மீ," என்றேன். ஆமாம் ஐயா, கதவு, போட்டாயிற்று. வராந்தாவில் நின்றிருந்த மதாம் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு தூணைப் பிடித்துக்கொண்டாள். முசே சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த மாதத்துப் பட்டியலை எடுத்தார், பென்சிலை எடுத்தார். பட்டியல் என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்குத் துபாஷி வேண்டாம்.

அப்போதுதான் பேச்சியம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஒரு கையில் பால்வாளி, ஒரு கை இடுப்பில். நடந்து வந்து எனக்கும் முசேவுக்கும் நடுவில் நின்றாள்.

"கிராணி அண்ணே, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

"சொல்லும்மா."

"மெத்தையப் போட்டது தப்புதான். அதத் தொவைச்சுக் காய வச்சுக் குடுத்துட்டேன், மதாம் வாங்கிக்கிட்டாங்க. கப்பலு நாகப்பட்டணம் போக ஒம்பது நாளாவுமாம். எனக்கு இன்னும் எட்டு நாளுதான் இருக்கு. நான் எங்க வச்சுப் பெத்துக்கறது? இந்த மனுசன் அஞ்சு வயசுல இங்க வந்தவரு, ஊரு பேருகூடத் தெரியாது. பச்சப் புள்ளையோட எங்கள அங்க இறக்கி விட்டா எந்தப் பக்கமா நடக்கறதுன்னு முசேவக் கேட்டுச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மருமகளே, அந்தப் பெண்பிள்ளை நின்ற நிலையைப் பார்த்திருந்தால் நீ கும்பிட்டிருப்பாய். ஆனால் இத்தனையையும் நான் எதில் ஏற்றுவேன்? என்னிடம் இருந்தது ஒரே வண்டி. தொண்டையைக் கனைத்தேன். "முசே," என்றேன். அவள் வயிற்றைக் காட்டினேன். "எல் மெத்ர் பெபே." இவள் குழந்தை போடு. கையை விரித்தேன். "ஊ மெத்ர்?" எங்கே போடு? சிங்கப்பூர்ப் பக்கம் கையை நீட்டினேன். "பத்தோ மெத்ர்?" கப்பலிலா போடு?

வராந்தாவில் மதாம் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. மெல்லிய குரலில், "மெத்ர் ஓ மோந்த்," என்றாள். என்னைத் திருத்தினாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆடுதான் கீழே போடுமாம். பெண்ணொருத்தி பிள்ளை பெறுவதைச் சொல்ல வேண்டுமானால், 'உலகத்தில் வைப்பது' என்று சொல்வார்களாம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நின்றுபோகிறது. தொப்பிக்கும் தபாலுக்கும் கோபத்துக்கும் ஓடியாடி உழைத்த அதே சொல், அதே வேலைக்காரச் சொல், ஒரு உயிரைத் தூக்கி உலகத்தில் வைக்கிற நேரத்தில் எப்படிப் பக்குவமாய்க் குனிகிறது பார். நாலாயிரம் சொல் வைத்திருக்கிற மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார், இப்படி ஒன்று அவர் பெட்டியில் இருக்கிறதா என்று.

முசே தொப்பியைக் கழற்றினார். மழை அவர் வழுக்கையில் விழுந்தது. பட்டியலைப் பார்த்தார், பேச்சியம்மாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மெத்தோன்..."

மெத்தோன்! மரைக்காயர் கொடுத்துப்போன சொல்லின் இன்னொரு வேஷம். ஒரு பேச்சுக்கு அப்படி வைத்துக்கொள்வோம், இப்படி வைத்துக்கொள்வோம் என்று நாம் சொல்வோமே, அச்சாக அதுதான். நான் ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, ஒரு எழுத்தைக் குறைக்கவில்லை. களத்தைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்தி, இருநூறு பேருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தேன்:

"வைத்துக்கொள்வோம்!"

அவ்வளவுதான், களம் வெடித்தது. "வச்சுக்கறாராம்! வீரமுத்துவ வச்சுக்கறாராம்!" பால்வாளிகள் தகரம் தகரமாய் முழங்கின. கிழவன் ஒருத்தன் முசேயின் காலில் விழுந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். தெப்ராவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வெள்ளம் வந்துவிட்டது என்று மரத்தில் ஏறினார்களாம். முசே என்னைப் பார்த்து, நான் அவர்களிடம் என்ன சொன்னேன், இவர்கள் ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறார்கள் என்று கேட்டார். "நீங்கள் சொன்னதையேதான் முசே," என்றேன், கையால். அவர் வாயைத் திறந்தார். இருநூறு பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது திறந்த வாயை என்ன செய்வது? மூடினார். பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பிறகு பங்களாவுக்குத் திரும்பி நடந்தார். வீரமுத்து கேட்டைத் திறந்தான். "மெர்சி," என்றார் முசே.

எட்டாம் நாள் பேச்சியம்மாள் நான்காம் லயத்து வரிசை வீட்டில், மருத்துவச்சி வருவதற்குள், ஒரு பெண் குழந்தையை உலகத்தில் வைத்தாள். பதினெட்டு ராத்தல் எடை. பிறந்ததும் எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. மதாம் பார்க்க வந்தபோது 'மே' என்று சுத்தமான உச்சரிப்பில் சொன்னது. நான் போடுகிறேன் என்று அர்த்தம். அடுத்த நிமிஷமே மதாமின் பட்டுப் பாவாடையில் போட்டும் காட்டியது.

இவ்வளவுதான் கதை. மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று எழுது. உன் வீட்டு அடுப்பு அணையாமலும், கூரை ஒழுகாமலும், மாப்பிள்ளையின் காப்பி இனிமேல் வாய் வழியாகவே போகவும், நீங்கள் இருவரும் எடுத்துவைக்கிற அடியெல்லாம் நல்ல இடத்தில் விழவும், இந்த மாமன் இருக்கிற கைகளையெல்லாம் உயர்த்தி ஆசீர்வதிக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். சிங்கப்பூர்த் தண்ணீர் முடிக்கு ஆகாது.

இப்படிக்கு,
பொன்சாந்து தோட்டத்துக் கிராணியும், பிரெஞ்சு பாஷையின் ஒற்றைத் தூணுமாகிய
காளியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மாப்பிள்ளை எதையாவது நம்பித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகிவிட்டது. ஆகவே: அது புலி அல்ல, மரநாய். உட்காரவில்லை, ஓடிவிட்டது. நானும் ஓடினேன், வேறு பக்கம். பெரிய முசே சைகோனிலிருந்து வரவில்லை, இதே ஜொகூரில் இருக்கிற மூவாரிலிருந்து வந்தார். வாத்து பறக்கவில்லை. மரைக்காயர் எனக்கு ஒரு சொல்தான் கொடுத்தார் என்பதும் பொய், அவர் பக்கத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்து பிரெஞ்சுக் கடுதாசிக்கு நகல் எடுத்தவன் நான். மேசை விஷயம் எனக்குத் தெரியும். வீரமுத்து வந்து கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை பார்க்கலாமே என்று நான்தான் தலையாட்டினேன். வேலையிலிருந்து துரத்துகிற அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை. 'ஆ லா போர்த்' போடு என்றால் வெளியே துரத்து என்று அர்த்தம், அதுவும் எனக்கு அன்றே தெரியும். கடைசியாக, முசே 'மெத்தோன்' என்பதோடு நிறுத்தவில்லை. "இவனை நான் விட்டுவைக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம், நாளைக்கு மற்றவர்களும் வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டார். முழுவதும் எனக்குக் கேட்டது, முழுவதும் புரிந்தது. நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. அதனால் மொழிபெயர்ப்பை ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆகையால் மேலே எழுதியதில் எதையும் நம்பாதே. ஒன்றே ஒன்று, மிகவும் சின்னது, அது மட்டும் நிஜம். பதினெட்டு ராத்தல் இல்லை, ஐந்தேமுக்கால். பெண். கரையில்தான் பிறந்தது.